உறுப்பினர் நேரில் வர வேண்டும்

பம்புசெட் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய், ஓட்டல் கட்டில்களிலேயே பாதி ஆயுசைத் தூங்கிக் கழித்து, கடைசியில் ஓட்டல் கட்டில் ஒன்றிலேயே செத்தும் போன பாளையங்கோட்டை ஆசீர் தங்கராஜ், அடக்கமாகி வருஷம் ஒன்று திரும்பியிராத சித்திரை மாதத்தில் ஒரு காலையில், சவப்பெட்டிக்குள் போட்டு அனுப்பிய அதே சாம்பல் நிறக் கோட்டோடும், சக்கரம் வைத்த பழைய சூட்கேஸோடும் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி கிருபாவதிக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது.

மகள் ஜெமிமாவுக்கு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்திருந்தது. விசா அலுவலகம், உடல் பரிசோதனை, சான்றிதழ்களுக்கு முத்திரை என்று சென்னையில் சில நாட்கள் அலைய வேண்டியிருந்ததால் எங்கே தங்குவது என்று தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கிருபாவுக்கு அந்தப் பாயிண்ட்டுகளின் ஞாபகம் வந்தது. ஆசீர் ஒரே ஓட்டல் கம்பெனியின் ஓட்டல்களில்தான் எப்போதும் தங்குவார். தங்கிய ஒவ்வொரு ராத்திரிக்கும் கம்பெனி அவர் கணக்கில் பாயிண்ட் போட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சேருது கிருபா, ஒருநாள் நாம மூணு பேரும் ஜம்முனு போய்த் தங்குவோம்," என்பார். பிள்ளைக்கு டைபாய்டு வந்த ராத்திரியும் பாயிண்ட் சேர்ந்தது, கிருபாவின் அப்பா கண்மூடிய ராத்திரியும் பாயிண்ட் சேர்ந்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரிகளும் புயல் அடித்துக் கரண்ட் போன ராத்திரிகளும் சேர்ந்தன. ஆகவே அந்தப் பாயிண்ட்டுகள் எல்லாம் தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகப்பட்ட ராத்திரிகள், தனக்கே திரும்பி வர வேண்டியவை என்பதில் கிருபாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த எண்ணத்தோடுதான் முந்தின நாள் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள்.

"உறுப்பினர் நேரில் வர வேண்டும் மேடம். அடையாள அட்டையோட வந்து கையெழுத்துப் போடணும்," என்றது ஒரு பெண் குரல்.

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

"கேட்கவே வருத்தமா இருக்கு மேடம். உறுப்பினர் நேரில் வர வேண்டும்."

"இறந்துட்டாங்கன்னு சொல்லுதேன்."

"புரியுது மேடம். ஆனா பாயிண்ட்டை வேற யாருக்கும் மாத்த முடியாது."

கிருபாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. "அப்படின்னா நீங்களே அவரைக் கூப்பிட்டு வரச் சொல்லுங்க," என்றாள்.

"கண்டிப்பா மேடம். உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

விடியும்போது கிருபாவின் போனில், உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி கிடந்தது. அதற்குப் பின்னாலேயே ஆட்டோ வந்தது.

அவள் கையில் விளக்குமாறோடு கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள். "வாரா வாரம் கல்லறைக்கு வந்து உட்கார்ந்து கூப்பிட்டேன். பாஸ்டர் ஐயா உபவாச ஜெபம் வச்சாங்க. இந்தப் பிள்ளை வேலைக் கடுதாசியை உங்க கல்லறை மேல வச்சுக்கிட்டு அழுதா. அப்பல்லாம் அசையாத மனுஷன், ஓட்டல்காரன் கூப்பிட்ட உடனே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிக்கீங்க, என்ன?"

ஆசீர் உயிரோடு இருந்தபோது எப்படித் தலையைக் குனிந்துகொள்வாரோ அப்படியே குனிந்துகொண்டார். "பயணத்துக்கு எல்லாம் அவங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்க கிருபா. வராம இருந்தா நல்லா இருக்காது," என்றார்.

ஜெமிமாதான் அம்மாவை விலக்கி அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் தெரு அதற்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டுப் பொன்மலர், செத்தவருக்கு உறைப்பு ஆகுமா ஆகாதா என்று யோசித்துவிட்டு இரண்டு விதமாகவும் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். பால்காரர் கேட்காமலே அரை லிட்டர் கூட ஊற்றினார். ஆசீருக்குப் பசியே இல்லை. சூடான காப்பி டம்ளரைக் கைக்குள் வைத்துக்கொண்டிருப்பது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. அது ஆறியதும் கிருபா எரிச்சலோடு வாங்கித் தானே குடித்தாள். சாயங்காலம் பாஸ்டர் ஐயா வந்து, நாற்காலியை ஆசீருக்கு எதிரே போட்டுக்கொண்டு, மரித்தவர்கள் எழுந்திருப்பதை நாம் விசுவாசிக்கிறோம், அதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அது கடைசி நாளில் எக்காளச் சத்தத்துக்கு நடக்க வேண்டியது, வாடிக்கையாளர் சேவைக்கு நடக்கக் கூடாது, இதை நான் பேராயருக்கு எப்படி எழுதுவேன் என்று மனம் வருந்திப் பேசினார். ஆசீர் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் ஐயா போன பிறகு, தெருவில் துக்கம் இருந்த வீடுகளில் எல்லாம் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். பொன்மலர் தன் அம்மாவுக்காக கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டாள், கீழ்வீட்டு வாத்தியார் தன் தம்பிக்காக ஒரு பேங்குக்குப் போட்டார். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்ற பதில்தான் எல்லாருக்கும் வந்தது. செத்தவரைத் திரும்ப அனுப்பும் அளவுக்கு ஒழுங்காக வேலை செய்வது அந்த ஓட்டல் கம்பெனி ஒன்றுதான் என்று தெரு முடிவுக்கு வந்தது. அதைக் கேட்டபோது கிருபாவின் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஓட்டல் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். சென்னையில் அந்தக் கம்பெனிக்கு மூன்று ஓட்டல்கள் இருந்தன. ஜெமிமா போனில் படங்களைத் தள்ளத் தள்ள, வந்ததிலிருந்து அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்த ஆசீருக்கு முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. கடற்கரை ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு ஆப்பம் கண் முன்னாலேயே ஊற்றித் தருவார்கள் என்றும், நீச்சல் குளத்துத் தண்ணீருக்கு மேலே கடல் தெரியும் என்றும், தலையணையே நாலு தினுசில் கேட்டு வாங்கலாம் என்றும், சொந்த நிலத்தைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

"பிள்ளைக்கு டைபாய்டு வந்தப்ப எதுல இருந்தீங்க?" என்று கிருபா கேட்டாள்.

ஆசீர் கொஞ்சம் யோசித்து, "கடற்கரையில," என்றார்.

"அது வேண்டாம்."

ஜெமிமா அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அது அண்ணா சாலைப் பக்கம் இருந்தது, விசா அலுவலகத்துக்கு நடந்தே போகலாம்.

"எங்க அப்பா சாகும்போது?"

"அங்கதான். மீட்டிங் நடந்துகிட்டிருந்தது. பாதியில எழுந்திரிக்க முடியல."

"அதுவும் வேண்டாம்."

மிச்சம் இருந்தது விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டல். ஆசீர் படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே கிடையாது, ஜன்னலைத் திறக்க முடியாது, சாம்பாரில் சர்க்கரை போடுவார்கள் என்று முணுமுணுத்தார்.

"நீங்க செத்தது அங்கதானே?"

"ஆமா."

"அதையே போடு," என்றாள் கிருபா. "அன்னைக்கு உடம்பைத்தான் அனுப்புனாங்க. என்ன நடந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லல. எத்தனை தடவை கேட்டேன். அந்த இடத்தை நான் பாக்கணும்."

ஜெமிமா விரலை நகர்த்தாமல் அம்மாவைப் பார்த்தாள். திரையின் அடியில் ஒரு வரி இருந்தது. கடற்கரை ஓட்டல் என்றால் மொத்தப் பாயிண்ட்டும் இரண்டே ராத்திரியில் கரைந்துவிடும், விமான நிலைய ஓட்டல் என்றால் ஒரு வாரம் தாங்கும். அப்பா முந்தின நாளே அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார், உறுப்பினராகத்தான் வந்திருக்கிறேன், பாயிண்ட் முடிந்தால் நானும் முடிந்தேன் என்று. அம்மாவுக்கு அது தெரியுமா தெரியாதா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. விமான நிலைய ஓட்டலையே பதிவு செய்தாள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் பரிசோதகர் ஆசீரின் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பதை விட இப்போது கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

ஓட்டலில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பைச் சகித்துக்கொள்வதுதான் கிருபாவுக்குக் கஷ்டமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று, "உங்களை மறுபடியும் பார்க்கிறதுல ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள். இளநீர் வந்தது, குளிர்ந்த துண்டு வந்தது, டை கட்டிய இளவயசு மேனேஜர் வந்து, எங்கள் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒருவர் என்று ஆசீரின் கையைக் குலுக்கினார். கை ஜில்லென்று இருந்ததற்கு ஏசியைக் குறைக்கச் சொன்னார். அந்த உடம்பு இதே கட்டிடத்திலிருந்து வெளியே போன நாளில் தனக்கு ஒரு போன்கூடச் செய்யாதவர்கள், பம்புசெட் கம்பெனிக்காரர் வாயிலிருந்துதான் செய்தியைத் தெரிந்துகொள்ள வைத்தவர்கள், இப்போது எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் கிருபா. அவர் இறந்த அறையே வேண்டும் என்றாள். அந்த எண்ணில் இப்போது அறையே இல்லை, வரிசையை மாற்றிவிட்டோம் என்றார் மேனேஜர். ஆசீர் லிஃப்டில் ஏறி, தாழ்வாரத்தின் கடைசியில் புது எண் ஒட்டியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது. ஜெமிமா குளிக்கப் போயிருந்தாள். ஆசீர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இங்கதான் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுல யாரோ முழங்காலை வச்சு அழுத்துத மாதிரி இருந்துச்சு. கீழ போன் பண்ணி டாக்டர் வேணும்னு சொன்னேன். லைன்லேயே இருங்க சார்ன்னாங்க. ஒரு பாட்டு போட்டாங்க."

"பாட்டா?"

"இந்த வீணை மாதிரி ஒண்ணு. நடு நடுவுல, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பிள்ளை சொல்லிச்சு. வச்சிட்டு உனக்குப் பண்ணலாமான்னு நெனச்சேன் கிருபா. வச்சிட்டா திரும்ப வரிசையில கடைசிக்குப் போயிருவோமேன்னு இருந்துட்டேன்."

கிருபா சுவரில் சாய்ந்துகொண்டாள். "காத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் பாட்டு நின்னுபோச்சு."

இன்னொரு விமானம் ஜன்னலைத் தாண்டிப் போனது. பிறகு அவரே, தன்னைக் கீழே இறக்கியது சரக்கு லிஃப்டில் என்றும், பக்கத்தில் வெங்காய மூட்டைகள் இருந்தன என்றும், சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள வாசல் வழியாகத்தான் வண்டியில் ஏற்றினார்கள் என்றும் சொன்னார். "அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. கீழ ஒரு கல்யாண ரிசப்ஷன். ஜனங்க பாத்தா சங்கடம்தானே."

கிருபா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனாள். மேனேஜரிடம், அன்றைக்கு இவர் போன் செய்தபோது எடுத்தது யார் என்று கேட்டாள்.

"அந்த விவரமெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மேடம். உறுப்பினர் மட்டும்தான் கேட்க முடியும்."

"உறுப்பினர் இந்தா நிக்காங்கல்லா. கேளுங்க," என்று புருஷனைப் பார்த்தாள்.

ஆசீர் தரையில் பதித்திருந்த பளிங்கைப் பார்த்தார். மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். "விடு கிருபா. அவருக்கும் மேல ஆள் இருப்பாங்க," என்றார்.

"சாருக்குப் புகார் எதுவும் இல்லைன்னு குறிச்சுக்கிறேன்," என்று மேனேஜர் மென்மையாகச் சொன்னார்.

அன்றைக்கு முழுவதும் கிருபா புருஷனோடு பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் இதே மனுஷன் இப்படித்தான், லீவு தராத அதிகாரிக்காகப் பேசினார், சம்பளத்தைப் பிடித்த கம்பெனிக்காகப் பேசினார், எல்லார் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொன்னார், தன் வீட்டுப் பக்கத்து நியாயத்தைத் தவிர. செத்தும் திருந்தவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த வாரம் ஜெமிமாவின் வேலைகள் ஒவ்வொன்றாக நடந்தன. ஆசீர் தினமும் அவளோடு போனார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ கல்லூரியில் சேர்க்கவோ ஒருநாளும் வராதவர், விசா அலுவலகத்து வாசலில் வெயிலில் கோட்டோடு நின்று அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டார். முத்திரை பதித்த பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அதைத் திறந்து திறந்து பார்த்தார். அன்றைக்கு, "அயர்லாந்துல ராத்திரி டியூட்டி கேட்டா, எல்லாத்துக்கும் சரின்னு சொல்லாத," என்று மகளிடம் சொன்னார். உயிரோடு இருந்தபோதும் செத்த பிறகும் அவர் அவளுக்குச் சொன்ன ஒரே புத்திமதி அதுதான்.

இதற்கிடையே செய்தி பரவிவிட்டது. கோயம்புத்தூரில் வால்வு விற்று இறந்துபோன ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். ஓசூரிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார், பாண்டிச்சேரியிலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வயசான அம்மாவோடு வந்தார். எல்லாரும் பாயிண்ட் சேர்த்து வைத்து அனுபவிக்காமல் செத்தவர்கள். ஓட்டல் ஊழியர்களுக்கு ஓரிரு நாளில் எல்லாம் பழகிப்போனது. இவர்களுடைய தலையணையில் பள்ளம் விழாது, உறையை மாற்ற வேண்டாம் என்று அறை துடைக்கும் பெண்கள் தெரிந்துகொண்டார்கள். இவர்களுக்குக் காப்பியைக் கொதிக்கக் கொதிக்கத் தர வேண்டும், கையில் பிடித்திருக்கத்தான் என்று பரிமாறுகிறவர்கள் தெரிந்துகொண்டார்கள். செத்தவர்கள் சத்தம் போடவில்லை, எதையும் உடைக்கவில்லை, லிஃப்டில் மற்றவர்களுக்கு வழி விட்டார்கள். ஆனாலும் தம்பதியாக வந்த யாரோ முகம் சுளித்திருக்க வேண்டும். ஒருநாள் காலையில் முன்வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், பித்தளைக் காலில் அழகான ஒரு பலகை நின்றது. மறைந்த உறுப்பினர்கள் அன்புடன் பின்வாசலைப் பயன்படுத்தக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

வெளியே கிளம்பிக்கொண்டிருந்த ஆசீர் அதை நின்று படித்தார். வழக்கம்போலப் பேசாமல் திரும்பிப் பின்பக்கம் நடக்கப்போகிறார் என்றுதான் கிருபா நினைத்தாள். அவர் இரண்டாம் தடவையும் படித்தார். உதட்டை அசைத்து அசைத்து, அர்த்தம் தெரியாத வார்த்தையைப் படிப்பது போலப் படித்தார். அவருக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரரின் சின்னப் பையன், "அப்பா, நாங்க மட்டும் இந்த வழியா போகணுமா, நீங்க மட்டும் அந்தப் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர்க்காரர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஆசீர் திரும்பி வரவேற்பு மேஜைக்கு நடந்தார். கிருபாவும் பின்னால் போனாள்.

"நான் ஆசீர் தங்கராஜ், உறுப்பினர்," என்றார் அந்தப் பெண்ணிடம். "எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. பதிவு பண்ணிக்குங்க."

"சொல்லுங்க சார்."

"நாளைக்கு நான் முன்வாசல் வழியாத்தான் போவேன். எப்படிப் போனாலும்."

மேனேஜர் உள்ளேயிருந்து வந்து, சார், மற்ற விருந்தினர்களை யோசித்துத்தான் என்று ஆரம்பித்தார்.

"போன தடவை நான்தான் அவங்களை யோசிச்சேன்," என்றார் ஆசீர். குரல் உயரவில்லை. கை மட்டும் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "டாக்டர் கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தப்ப, கீழ கூட்டமா இருக்கும், பாவம்னு யோசிச்சேன். என் பெஞ்சாதிக்குப் போன் பண்ணாம உங்களை யோசிச்சேன். அது தப்பு. நீங்க செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு. அதையும் எழுதிக்குங்க."

அந்தப் பெண் மேனேஜரைப் பார்க்காமல் தட்டச்சு செய்து முடித்தாள். "கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன் சார்," என்றாள்.

கிருபா அன்றைக்குப் புருஷனோடு பேசினாள். சாம்பாரில் நிஜமாகவே சர்க்கரை போடுகிறார்கள் என்றாள்.

மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டிய உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னதாக, ஆசீர் கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, விருந்தினர்கள் ஏறும் லிஃப்டில் கீழே வந்து, வரவேற்புக் கூடத்தின் நடுவில் இருந்த பெரிய சோபாவில் கிருபாவுக்கும் ஜெமிமாவுக்கும் இடையில் உட்கார்ந்தார். கிருபாவின் கை அவர் கைக்குள் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாயிண்ட் முடிந்துவிட்டது. ஜெமிமா பழக்கத்தில் அப்பாவின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள், வந்ததிலிருந்து அங்கே நாடி இருக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அவர் கண்களை மூடிவிட்டாள்.

சரக்கு லிஃப்டிலிருந்து இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். மேனேஜர் அவர்களுக்குப் பின்வாசலைக் காட்டினார்.

"கோரிக்கை பதிவாகியிருக்கு சார்," என்று அந்தப் பெண் எழுந்து நின்று சொன்னாள். "இதை ரத்து பண்ணணும்னா உறுப்பினர் நேரில் வரணும்."

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் வந்து தலைப்பக்கம் பிடித்துவிட்டார். ஓசூர்த் தணிக்கையாளரும் பாண்டிச்சேரிக்காரரும் கால் பக்கம் பிடித்தார்கள். அறை துடைக்கும் பெண்கள் இரண்டு பேர் இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடுத்துத் தாங்கினார்கள். சூட்கேஸும் கையுமாக நின்ற விருந்தினர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பலகையை யாரோ காலால் தள்ளி ஓரமாக்கினார்கள். கண்ணாடிக் கதவுகள் இரண்டும் திறந்தன. ஆசீர் தங்கராஜ் வெயிலுக்குள் போனார், அவர் பெண்டாட்டி பிள்ளை முன்னால் நடந்தார்கள்.

ஜெமிமா வேன் பிடித்தாள். போன தடவை உடம்பு சரக்கு விமானத்தில் தனியாக வந்தது. இந்தத் தடவை மூன்று பேரும் ஒன்றாகப் போனார்கள். அந்தக் குடும்பம் சேர்ந்து செய்த நீண்ட பயணங்கள் இரண்டில் அது இரண்டாவது. திண்டிவனம் வரைக்கும் கிருபா அழுதாள். அதற்கப்புறம் அவரைத் திட்ட ஆரம்பித்தாள். டைபாய்டு ராத்திரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ராத்திரியாக, எதையும் விடாமல், விழுப்புரம், திருச்சி, மதுரை என்று திட்டிக்கொண்டே வந்தாள். வேன் ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டார். கோவில்பட்டி தாண்டியபோது திட்டுவதற்கு எதுவும் மிச்சம் இல்லாமல் போனது. அவர் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் தெரு முழுவதும் வந்து நின்றது. குழியை மறுபடி வெட்டியிருந்தார்கள். பாஸ்டர் ஐயா ஜெபப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு கிருபாவின் பக்கத்தில் வந்தார்.

"ஒரே ஆளை ரெண்டாம் தடவை அடக்கம் பண்ணுறதுக்கு இதுல தனியா முறை எதுவும் கொடுக்கலம்மா. எதைச் சொல்லட்டும்?"

"போன தடவை சொன்னதையே சொல்லுங்க ஐயா," என்றாள் கிருபா. "அன்னைக்கு இருந்த கோபத்துல ஒரு வார்த்தைகூட என் காதுல விழல."